பேய் ஓட்டுற ஜெபம்: கத்தோலிக்க வழியா, பெந்தெகொஸ்தே வழியா?

கத்தோலிக்கத்துல சும்மா ஒரு ஃபாதர் நினைச்சா பேய் ஓட்டிட முடியாது, பிஷப் தனியா அனுமதி குடுக்கணும், திருச்சபைச் சட்டம் 1172லயே இருக்கு, 1999ல புதுப்பிச்ச சடங்குமுறையும் இது நோயா மனப்பிரச்சினையான்னு முதல்ல பாக்கத்தான் சொல்லுது. ஸ்லோ தான். அதனாலயே நம்ம சனம் வெயிட் பண்ணாம பேய் ஓட்டுறதுக்குப் பேர்போன உவரி அந்தோணியார் கோயிலுக்கு பஸ் ஏறிடுது, அது வேற கதை.

பெந்தெகொஸ்தேல பைபிள்ல இருக்கிற மாற்கு 16:17 வசனம் போதும், விசுவாசிக்கிற யாரும் துரத்தலாம். வீட்டுக்கே வருவாங்க, காசு கேக்காதவங்களும் நிறைய, அந்த அன்பை குறை சொல்லமாட்டேன். ஆனா எங்க சொந்தத்துல ஒரு புள்ளைக்கு கை உதறி உதறி இழுத்து வாயில நுரை வந்தப்ப, தலையில எண்ணெயைத் தேய்ச்சு காதுகிட்ட மைக்கை வச்சு "போ, வெளியே போ"ன்னு ரெண்டு மணி நேரம் கத்தினாங்க, கடைசில பாத்தா ஃபிட்ஸ், இப்ப மாத்திரையில நல்லா இருக்கா.

அப்போஸ்தலர் 19ல ஸ்கேவாங்கிற யூத ஆசாரியனோட ஏழு பசங்க இப்படித்தான் பேய் ஓட்ட ட்ரை பண்ணி, பேய் பிடிச்சவன்கிட்டயே அடி வாங்கி துணியில்லாம ஓடினாங்க. அதனால என் ஓட்டு முதல் வழிக்கு. ஜெபம் வேணாம்னு சொல்லல, டாக்டர் சீட்டு கையில இருக்கட்டும், அப்புறம் முழு ராத்திரி ஜெபம்னாலும் நானே வந்து உக்காருறேன்.