சுவைத்த பாட்டிலில் சேவல் முத்திரை இருந்தது, வீட்டுக்கு வந்த பெட்டியில் இல்லை: கியாண்டி ஒயின் சுற்றுலா பற்றி ஓர் எச்சரிக்கை

கடந்த செப்டம்பர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குப் போயிருந்தபோது, ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து புறப்படும் ஒருநாள் ஒயின் சுற்றுலாவுக்குத் தலைக்கு 185 யூரோ கட்டி ஏமாந்தோம். அதே வகையான விளம்பரங்கள் இன்னும் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சிவப்பு ஒயினுக்குப் பேர்போன கியாண்டி கிளாசிகோ பகுதியில் மூன்று குடும்பப் பண்ணைகள், ஒயின் தயாரிப்பவருடன் ஒரு மணி நேர உரையாடல், பண்ணை வீட்டிலேயே சமைத்த மதிய உணவு என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்குறுதி. பண்ணைகளின் பெயரைக் கேட்டு எழுதியபோது, அறுவடைக் காலம் என்பதால் முந்தைய நாள்தான் உறுதியாகும் என்று பதில் வந்தது. நியாயமாகப் பட்டதால் நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை. பணம் கட்டிய பிறகுதான், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ‘அல்லது அவற்றுக்கு இணையான இடங்கள்’ என்று இருந்ததைக் கவனித்தோம். அந்த ஒரு தொடரில்தான் முழு ஏமாற்றும் அடங்கியிருந்தது.

ஃபிளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் இடையே, திராட்சைத் தோட்டங்களின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் ‘கியாண்டிஜானா’ என்ற பழைய சாலைதான் கிளாசிகோ பகுதியின் முதுகெலும்பு. எங்கள் பேருந்தோ அந்தச் சாலைப் பக்கமே திரும்பாமல் விரைவுச்சாலையைப் பிடித்து, பிறகு மேற்கே எல்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிப் போனது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ‘கியாண்டி’ வேறு, ‘கியாண்டி கிளாசிகோ’ வேறு. கிளாசிகோ என்பது 1716-இல் டஸ்கனியை ஆண்ட மெதிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்த பழைய நிலப்பரப்பை மையமாகக் கொண்டது. அதற்கெனத் தனி விதிகளும், 1924-இல் தொடங்கிய தயாரிப்பாளர் கூட்டமைப்பும், கருஞ்சேவல் முத்திரையும் உண்டு. வெறும் கியாண்டி அதைச் சுற்றியுள்ள பரந்த பகுதிகளிலிருந்து வருவது. அதிலும் நல்ல ஒயின்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் பணம் கட்டியது அதற்கல்ல.

பேருந்து நின்ற இடம், எங்களுக்கு முன்பே நான்கு பெரிய பேருந்துகள் வந்து நின்றிருந்த ஒரு விற்பனைக் கூடம். பின்புறம் ‘நிலவறை’ என்று காட்டிய அறையில் மரப்பீப்பாய்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. தேங்காயைத் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒன்றைத் தட்டினேன், காலிப் பீப்பாயாக ‘டொம்’ என்றது, அடுத்ததும் அப்படியே. மூடிகளின் மேல் வார்னிஷ் பூசி, பல நாட்களாகத் திறக்கப்படாத தூசி படிந்திருந்தது. அறுவடைக் காலத்தில் ஒயின் செய்யும் இடத்தில் ஈரத்தரையும், குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் குழாய்களும், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடையும், பழ ஈக்களும் இருந்தே தீரும். இங்கோ தரையைக் கல்யாண மண்டபத்தைப் போலத் துடைத்து வைத்திருந்தார்கள்.

‘தயாரிப்பாளர்’ என்று அறிமுகப்படுத்தப்பட்டவரிடம், இந்த ஒயினில் கியாண்டியின் முதன்மைச் சிவப்புத் திராட்சையான சாஞ்சோவேசே தவிர வேறென்ன திராட்சை சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். மென்மைக்காகக் கொஞ்சம் டிரெபியானோவும் மால்வாசியாவும் சேர்ப்போம் என்று தயங்காமல் சொன்னார். அவை இரண்டும் வெள்ளைத் திராட்சை வகைகள். கியாண்டி கிளாசிகோவில் 2006-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது. குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சோவேசே இருக்க வேண்டும், மீதியும் சிவப்பு வகைகளாகவே இருக்க வேண்டும். சாதாரண கியாண்டியில்தான் சிறிதளவு வெள்ளைக்கு இன்றும் அனுமதி உண்டு. அவர் பொய் சொல்லவில்லை, தம்மிடம் உண்மையில் விற்பனைக்கு இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது பல வாரங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மதிய உணவு என்பது ஆளுக்கு நான்கு துண்டு குளிர்ந்த இறைச்சியும், பாலாடைக்கட்டியும், ரொட்டியும். ரொட்டியில் உப்பில்லாதது அந்த ஊர் மரபு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், கடைசியில் பாதாம் பிஸ்கோத்துடன் ‘வின் சாண்டோ’ என்ற இனிப்பு ஒயின் என்று ஊற்றியதன் லேபிளில் ‘லிகுவோரோசோ’ என்ற சொல் இருந்தது. அப்படியென்றால் சாராயம் சேர்த்து வலுவேற்றியது என்று பொருள். மரபான வின் சாண்டோ, பறித்த திராட்சையைப் பரணில் மாதக்கணக்கில் உலர்த்தி, பிழிந்து, சிறு பீப்பாய்களில் அடைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுப்பது. இரண்டாவது ‘பண்ணை’ வேறொரு பெயர்ப் பலகை மாட்டிய கடை. அங்கும் அதே அட்டைப்பெட்டிகளே அடுக்கியிருந்தன. மூன்றாவதற்கு நேரமில்லை என்று சொல்லி எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள்.

இவ்வளவும் பார்த்த பின்பும் ஒயின் வாங்கினோமே, அதுதான் எங்கள் முட்டாள்தனம். சுவைக்கக் கொடுத்தவற்றில் ஒன்று, கழுத்தில் கருஞ்சேவல் முத்திரையும் ‘ரிசெர்வா’ (கூடுதல் காலம் முதிர்த்தது) என்ற சொல்லும் கொண்ட கிளாசிகோ. உண்மையிலேயே அருமையாக இருந்தது. பாட்டில் 32 யூரோ வீதம் ஆறு பாட்டிலுக்கு 192 யூரோவும், வீட்டுக்கு அனுப்ப 60 யூரோவும் கொடுத்தோம். ஐந்து வாரம் கழித்து வந்த பெட்டியைத் திறந்தபோது ஆறு பாட்டிலிலும் சேவல் இல்லை. கழுத்தில் அரசின் எண்ணிட்ட பட்டை இருந்தது. அது இத்தாலியின் உச்சத் தர வகைப்பாட்டில் (DOCG) வரும் எல்லா ஒயினுக்கும் உள்ளதுதான். லேபிளில் கொட்டை எழுத்தில் ‘கியாண்டி’ என்று மட்டும் இருந்தது, ‘கிளாசிகோ’ எங்குமே இல்லை.

சுற்றுலா நிறுவனம், விற்றது தாங்கள் அல்ல என்றது. கூடம், அனுப்பியது சரியான சரக்குதான் என்றது. ரசீதை எடுத்துப் பார்த்தால், ‘சிவப்பு ஒயின், 6’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒயினின் முழுப் பெயரும் அறுவடை ஆண்டும் ரசீதில் எழுதப்படாமல் அட்டையை நீட்டியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது. வங்கியில் முறையிட்டபோது முதலில் நிராகரித்தார்கள். சுவைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அந்தப் பாட்டிலை விலைப் பலகையோடு சேர்த்துப் படம் எடுத்திருந்தார். தேதியும் நேரமும் பதிந்த அந்தப் படத்தையும், வந்த பெட்டியின் படத்தையும் இணைத்து, பொருள் விவரித்தபடி இல்லை என்று மறுபடி எழுதிய பிறகுதான் 192 யூரோ திரும்பி வந்தது. சுற்றுலாக் கட்டணத்துக்கு அந்த வழியும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புச் சுற்றுலாப் பாதுகாப்பு விதிகள், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களுக்குப் பொருந்துவதில்லை.

அந்தச் சுற்றுலாவுக்கு மறுநாள் கிளாசிகோ பகுதியிலேயே உள்ள பன்சானோ என்ற ஊருக்கு அருகே ஒரு சிறிய பண்ணைக்கு நாங்களே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் போயிருந்தோம். அறுவடை நடக்கிறது, மாலை ஐந்துக்கு மேல் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எங்களை வரவேற்ற பெண்மணியின் விரல் நகங்கள் கருஊதா நிறத்தில் இருந்தன. கை குலுக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். நொதித்துக்கொண்டிருந்த தொட்டியின் மேல் குனிந்து பார்க்கப் போன என்னை, கரியமில வாயு தலையைச் சுற்றவைக்கும் என்று சொல்லிப் பின்னால் இழுத்தார். அவரிடம் இரண்டு பாட்டில் வாங்கினோம். கேட்காமலேயே பெயரையும் ஆண்டையும் எழுதி ரசீது கொடுத்தார்.