மூட்டை ஏற்றும் இயந்திரம்: மன்னார்குடிப் பக்கத்தில் மூன்று நாள் வாடகை அனுபவம்

சம்பா அறுவடை முடிந்ததும், மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் களத்திலிருந்து நெல்லை லாரியில் ஏற்றுவதற்காக, மூட்டை ஏற்றும் கன்வேயர் ஒன்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தோம். ஆறு பேர் செய்யும் வேலைக்கு இனி இரண்டு ஆள் போதும் என்று வாடகைக்கு விட்டவர் உறுதியாகச் சொன்னார். அது நடக்கவில்லை; ஆனாலும் இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் எங்கள் பக்கம் 60 கிலோ. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருந்தும், அதற்கு மேற்பட்ட மூட்டையைச் சும்மாட்டின் மேல் தாங்கி, சாய்த்த பலகையில் கால் நடுங்க ஏறுவதைத்தான் இத்தனை காலமும் பார்த்து வந்தோம். ஒரு லாரிக்கு 250 மூட்டை என்றால் 15 டன். அந்த ஏற்றத்தை இப்போது கன்வேயரின் ஓடும் பட்டை பார்த்துக்கொள்கிறது. ஐம்பது வயதைக் கடந்த எங்கள் மேஸ்திரி, முதல் லாரி நிறைந்த பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்குத் தைலம் வேண்டாம்" என்றார்.

ஆனால் மூட்டையைப் பட்டையில் வைக்கக் கீழே மூன்று பேரும், மேலே வாங்கி அட்டி போட மூன்று பேரும் தேவைப்பட்டார்கள். வளைவில் சரியாமல், ஒன்றன் மேல் ஒன்று மாற்றி அடுக்கும் பக்குவம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஒருவரையும் நிறுத்தவில்லை. மூட்டைக் கூலியையும் குறைக்கவில்லை. அரை நாள் பிடித்த லாரி இரண்டு மணி நேரத்தில் கிளம்பியதால், அவர்கள் அன்றே பக்கத்துக் களத்துக்கும் போக முடிந்தது. அறுவடை இயந்திரம் வந்தபோது, கதிர் அறுத்துப் பிழைத்தவர்களிடம் நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்டுச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

குறை ஒன்று உண்டு. பனி ஈரத்தில் சணல் சாக்கு நிற்கிறது, பிளாஸ்டிக் சாக்கு வழுக்குகிறது. பக்கத் தடுப்பு உயரம் குறைவு என்பதால் இரண்டாம் நாள் காலையில் ஒரு மூட்டை விழுந்து, தையல் பிரிந்து, நெல் மண்ணில் கொட்டியது. கீழே ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்! தகவல் சொல்லியும் வாடகைக்கு விட்டவர் மறுநாள் மாலைதான் வந்தார். தடுப்பை உயர்த்தித் தந்தால் அடுத்த சம்பாவுக்கும் இதையே எடுப்போம், அதே ஆறு பேரோடு.