நீல அட்டையை நம்பி மோட்டார்ஹோம் எடுக்காதீர்கள்: நியூசிலாந்தின் கோரமண்டல் கடற்கரையில் எங்களுக்கு நடந்தது

நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்துக் கடற்கரையில் தங்கலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் இருப்பது ஆக்லாந்தில். மாமாவும் அத்தையும் மதுரையிலிருந்து முதல் தடவையாக வந்திருந்தார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார்கள். அதனால் கழிவறை உள்ளேயே இருக்கிற வண்டிதான் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ்ஸை வீடு மாதிரி மாற்றியிருந்தார்கள். நான்கு பேர் படுக்கலாம், செல்ஃப் கன்டெய்ன்ட் (தண்ணீர், கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு), எந்தக் கடற்கரையிலும் இலவசமாகத் தங்கலாம் என்று போட்டிருந்தது. மூன்று இரவுக்கு 720 டாலர், டெபாசிட் 1000 டாலர். இரண்டையும் வங்கி வழியாக அனுப்பச் சொன்னார் வண்டிக்காரர், அனுப்பினோம்.

'எந்தக் கடற்கரையிலும்' என்பதே முதல் பொய். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் 2011-இல் வந்த ஃப்ரீடம் கேம்பிங் சட்டப்படி, சாலையிலிருந்தோ கடலின் தாழ்நீர்க் கோட்டிலிருந்தோ 200 மீட்டருக்குள் வண்டியிலோ கூடாரத்திலோ இரவு தங்கினால் அது ஃப்ரீடம் கேம்பிங். எங்கே தங்கலாம், எங்கே கூடாது, எத்தனை இரவு என்பதை அந்தந்த ஊர் கவுன்சில் விதி போட்டுத் தீர்மானிக்கலாம். ஒரே கடற்கரையில் இந்த முனையில் அனுமதி இருக்கும், அந்த முனையில் இருக்காது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி இன்னும் இறுக்கிவிட்டார்கள். கவுன்சில் நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமென்றால், கவுன்சில் தனியாக விலக்குக் கொடுத்த இடம் தவிர மற்ற எங்கேயும் அது சான்று பெற்ற செல்ஃப் கன்டெய்ன்ட் வண்டியாக இருக்க வேண்டும். (ஓட்டிக் களைத்துப்போய்ச் சாலையோரம் நிறுத்திக் கண் அயர்வது இந்தக் கணக்கில் வராது.)

வண்டியை எடுக்கப் போனது சாயங்காலம். வண்டிக்காரர் அவசரத்தில் இருந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார், படுக்கையை விரித்துக் காட்டினார். "டாய்லெட்?" என்று கேட்டேன். ஒரு அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிவிட்டு மூடினார். பிறகு முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த நீல அட்டையை, அதாவது செல்ஃப் கன்டெய்ன்ட் என்பதற்கான பழைய சான்றைக் காட்டி, "கவுன்சில்காரர்கள் இதைத்தான் பார்ப்பார்கள், கவலைப்படாதீர்கள்" என்றார். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

முதல் நாள் நன்றாகவே போனது. தேம்ஸிலிருந்து கடலை ஒட்டிப் போகும் சாலை, வழியெல்லாம் போஹுட்டுகாவா மரங்கள் செக்கச்செவேலென்று பூத்துக் கிடந்தன. ஹாட் வாட்டர் பீச்சில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், மாமா தன் கையாலேயே மணலைத் தோண்டி ஊற்றுவெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரவுக்கு, செல்ஃப் கன்டெய்ன்ட் வண்டிகளுக்கு மட்டும் என்று பலகை வைத்திருந்த ஒரு கவுன்சில் இடத்தில், கடலைப் பார்த்து நிறுத்தினோம்.

இரவு இரண்டு மணிக்கு அத்தை என்னைத் தொட்டு எழுப்பினார்கள். "அம்மாடி, கொஞ்சம் பாத்ரூம் போகணும்." போய் அலமாரிக் கதவை இழுத்தால் பாதிதான் திறக்கிறது. படுக்கைப் பலகை குறுக்கே நிற்கிறது. அதில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கிய பிறகுதான் கதவு முழுக்கத் திறந்தது. உள்ளே இருந்தது, கையில் தூக்கிப்போகிற சின்ன பிளாஸ்டிக் பெட்டி. முழங்கால் உயரம்கூட இல்லை. அத்தையால் அதில் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. போன் வெளிச்சத்தில் கைத்தாங்கலாகப் பொதுக் கழிவறைக்குக் கூட்டிப்போனேன். அது இரவில் பூட்டிவிடுகிற கழிவறை. அதன் பின்னால், மணல் காற்றில், என் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை.

காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார்கள். கவுன்சில் வார்டன் ஒரு பெண்மணி, தன்மையாகத்தான் பேசினார். முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தார், கண்ணாடி அட்டையைப் பார்த்தார், மறுபடி பிளேட்டைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அட்டையில் இருந்தது வேறு வண்டியின் எண். ஆட்கள் என்ற இடத்தில் 2. காலாவதித் தேதியின் கடைசி இலக்கத்தைப் பேனாவால் திருத்தியிருந்தார்கள், வெயிலில் பழைய மை வெளுத்துப் போய்ப் புது மை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இத்தனையும் ஒரு சாண் அட்டையில்.

அதோடு விடவில்லை. வண்டிக்கு அடியில் மணல் நனைந்திருப்பதைக் காட்டினார். நாங்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் தொட்டிக்குப் போகாமல், விரிசல் விட்ட குழாய் வழியாக இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. சோறும் எண்ணெயும் கலந்த அழுக்குத் தண்ணீர். பத்தடி தள்ளி, கடற்கரையில் முட்டையிடும் டாட்டரல் பறவைக்காகக் கயிறு கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. மோட்டார்ஹோம் என்றாலே உள்ளூர்க்காரர்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அபராதம் 400 டாலர், எங்கள் பெயரில். அந்த ஆளுக்கு போன் செய்தால், "ஹாலிடே பார்க்கில் தங்கியிருக்க வேண்டியதுதானே" என்றார். மீதி இரண்டு இரவும் அப்படித்தான் காசு கொடுத்துத் தங்கினோம். வண்டியைத் திருப்பிய பிறகு, கழிவறையைச் சுத்தம் செய்யவில்லை, குழாயை உடைத்துவிட்டீர்கள் என்று டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார். கழிவறையை நாங்கள் பயன்படுத்தவே இல்லை.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்ஃப் கன்டெய்ன்ட் என்றால், வெளியிலிருந்து தண்ணீர் பிடிக்காமலும் வெளியே கழிவு கொட்டாமலும் மூன்று நாள் இருக்க முடிய வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர், அதே அளவு கழிவுநீர்த் தொட்டி, அதோடு குழாயால் சேர்த்த சிங்க், மூடியுள்ள குப்பைத் தொட்டி, இவையெல்லாம் வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு புதிதாகத் தருவது பச்சை அட்டை. அதற்குக் கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், தூக்கிப்போகிற பெட்டி செல்லாது. படுக்கை விரித்த நிலையிலும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் முன் படுக்கையை விரிக்கச் சொல்லுங்கள், கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை சிங்க்கில் ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அட்டையில் உள்ள எண்ணையும் பிளேட்டையும் ஒப்பிட்டு, ஆட்கள் எத்தனை, தேதி என்ன என்று படித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சை அட்டை என்றால், பிளம்பர்களுக்கும் கேஸ்ஃபிட்டர்களுக்கும் உரிமம் தருகிற வாரியம் வைத்திருக்கும் பதிவேட்டில் வண்டி எண்ணைப் போட்டே சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. இதை நான் செய்திருந்தால் அத்தையை அந்த இருட்டில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

டெபாசிட்டை வங்கி வழியாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். நாங்கள் டிஸ்ப்யூட்ஸ் ட்ரிப்யூனலில் (சின்னச் சின்னப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அங்கே வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். 1986-ஆம் வருட ஃபேர் டிரேடிங் சட்டம், பொய் விளம்பரம் கொடுத்து வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அட்டையின் போட்டோ, நனைந்த மணலின் போட்டோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அபராதத்தைப் பற்றி கவுன்சிலுக்கும் தனியாக எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

நேற்று இரவு தேடிப் பார்த்தேன். அதே விளம்பரம், அதே படங்கள், நான்கு பேர், எந்தக் கடற்கரையிலும் இலவசம். முன்பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடியில் அந்த நீல அட்டை அப்படியே தெரிகிறது.