ஈரக் கையும் தொடுதிரையும்: மீன் துறைமுகத்தில் நான்கு வருடம்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு விசைப்படகுகள் வரத் தொடங்கினால் பத்து மணி வரை என் கை உலராது. ஐஸ், கடல்நீர், மீன் செதில், நடுவில் யாராவது நீட்டும் தேநீர். ஒரு தொடுதிரைக் கைபேசியை நான்கு வருடம் வைத்திருந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தபோது, பத்திரிகை விமர்சனங்களைப் போலத் திரை, கேமரா, வேகம் என்று வரிசைப்படுத்தத்தான் முதலில் பார்த்தேன். சரிப்படவில்லை. அவற்றை எழுதியவர்களுக்கு உலர்ந்த கை.

வாங்கியது 2010 மே மாதத்தில். அப்போது எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்தான். ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017இல்தான் அது 61 நாளானது. படகுகள் கரையில் நின்றதால் எனக்கும் வேலை குறைவு. எலக்ட்ரானிக் சாமான் என்றால் புதுச்சேரியில் நூறு இருநூறாவது குறையும் என்பது கடலூர்க்காரர்களின் பழைய நம்பிக்கை. திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, நேரு வீதிக்குப் போய்ச் சேர்ந்தேன். விலை 7,800 ரூபாய். குறைந்த இருநூறு ரூபாய், பஸ் டிக்கெட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று.

2008 ஆகஸ்டில் ஐபோன் இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி மாதிரியின் விலை 31,000 ரூபாய். என் அன்றைய சம்பளத்தில் அது ஐந்து மாதம். ஆகவே அதைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இருக்கவில்லை. நான் வாங்கியதைத் தயாரித்தவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. திட்டப் போகிற இடங்கள் உண்டு. அந்தக் குறைகள் அன்றைய மலிவு விலைத் தொடுதிரைகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

முதலில் திரை. 3.2 அங்குலம். மேலே இருப்பது கண்ணாடி அல்ல, வளையக்கூடிய பிளாஸ்டிக் தாள். அதன் அடிப்பக்கத்திலும், கீழே உள்ள பலகையின் மேற்பக்கத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் நடுவே கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் தாங்கி நிற்கும். அழுத்தினால் மேல் பூச்சு கீழ்ப் பூச்சைத் தொடும்; தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தை வைத்து எங்கே அழுத்தினோம் என்று கருவி கண்டுபிடிக்கும். ரெசிஸ்டிவ் என்று பெயர். ஐபோனில் இருந்தது கெப்பாசிட்டிவ் திரை. அது அழுத்தத்தைப் பார்க்காது, விரலால் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்கும். அதில் விரல் பட்டாலே போதும். என்னுடையதில் குத்த வேண்டும்.

'தடவினால் ஓடாத தொடுதிரை எதற்கு?' என்று எல்லோரும் கேட்டார்கள். முதலாளியின் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்து, பாட்டுப் பட்டியலை விரலால் இழுத்தான், அது நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தான், ஏதோ ஒரு பாட்டு பாடத் தொடங்கியது. 'அண்ணே, இதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்' என்றான்.

மே 30ஆம் தேதி படகுகள் கடலுக்குப் போயின. அவை முதல் மீனோடு திரும்பிய காலையில்தான் அந்தத் திரையின் அருமை தெரிந்தது. அதுவரை நான் கணக்கு எழுதியது சின்ன நோட்டுப் புத்தகத்தில். ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், மை பரவும், 8 எழுதியது 3 ஆகும். ஏலத்தில் அந்த ஒரு எழுத்து ஐநூறு ரூபாய். கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்தால் எண்கள் கட்டைவிரல் அகலத்துக்கு வந்தன. விரலில் தண்ணீர் சொட்டினாலும் அழுத்திய எண்தான் விழுந்தது. திரையில் தண்ணீர் தேங்கினால் சட்டையில் துடைத்துக்கொள்ளலாம். தண்ணீர் தானாக எதையும் அழுத்தாது. ஐஸ் உடைக்கும்போது போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறையோடும் வேலை செய்தது. கூடவே கொடுத்த எழுதுகோலை இரண்டாவது வாரமே உப்பனாற்றில் தொலைத்தேன். பிறகு தீக்குச்சி, பேனா மூடி, ஒருமுறை காய்ந்த மீன் முள், எதை வைத்துக் குத்தினாலும் கேட்டது. வலது சுட்டுவிரல் நகத்தைச் சிறிது வளர்த்துக்கொண்டேன். வீட்டில் அதற்குக் கேலி வேறு.

மழைக்காலத்துக்கு இன்னொரு வித்தையும் கண்டுபிடித்தேன். நெத்திலி போட்டுக் கொடுக்கும் சிறிய பாலிதீன் பையில் கைபேசியை வைத்து, வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். பையின் மேலேயே அழுத்தினால் போதும். பேச்சு சற்றுக் கம்மலாகக் கேட்கும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் அது பைக்குள்ளேயே இருந்தது. வாரம் ஒருமுறை பையை மாற்றுவேன், நாற்றத்துக்காக.

இனி திட்டு. அழுத்தத்துக்குக் கேட்கும் திரை, யார் அழுத்துகிறார்கள் என்று பார்க்காது. பக்கவாட்டில் பூட்டுவதற்கு ஒரு தள்ளுவிசை உண்டு. அதைத் தள்ள மறந்து சட்டைப் பையில் போட்டுவிட்டுப் பெட்டி தூக்கக் குனிந்தால் ஏதாவது ஓர் எண்ணுக்கு அழைப்பு போய்விடும். ஒருநாள் மதியம் பையோடு குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன். முதலாளிக்கு அழைப்பு போயிருக்கிறது. என் குறட்டையை நாலு நிமிடம் கேட்டுவிட்டு வைத்தாராம். மறுநாள் எதுவும் சொல்லவில்லை, மற்றவர்களிடம்தான் சொன்னார்.

மெனுவில் ஒருமுறை தட்டினால் திறக்கும். பட்டியலில் முதல் தட்டுக்கு நிறம் மாறும், இரண்டாவது தட்டுக்குத்தான் திறக்கும். எந்த இடத்தில் ஒன்று, எந்த இடத்தில் இரண்டு என்று எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது. என் மனைவிக்குக் கடைசிவரை பழகவில்லை. பொத்தான் கைபேசியில், பார்க்காமலேயே விரல் வழிதெரிந்து செய்தி அடிக்கும். இதில் கண் திரையிலேயே இருக்க வேண்டும். ஏலக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கும் வேலை போயே போயிற்று. இது உண்மையான இழப்பு. இன்றைய கைபேசிகளிலும் அது திரும்பவில்லை.

வெயிலில் திரை தெரியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் துறைமுகத் திட்டில் நின்று பார்த்தால் என் முகம்தான் தெரியும். துண்டை எடுத்துத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, பழைய ஸ்டூடியோ போட்டோக்காரர் மாதிரி உள்ளே குனிந்து விலையைப் பார்ப்பேன். சோனாங்குப்பத்திலிருந்து மீன் எடுக்க வரும் அக்காமார்கள் 'படம் எடுக்கப் போகிறார், சிரியுங்கள்' என்பார்கள். கேமரா 2 மெகாபிக்சல். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த 2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. என் கைபேசியில் தமிழ் என்றால் வரிசையாகக் கட்டங்கள். மச்சினி தமிழில் ஒரு செய்தி அனுப்பினாள். பதினேழு கட்டங்கள் வந்தன. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் பதறி அழைத்தால், பொங்கலுக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். கணக்குக் குறிப்புகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைத்தேன். மீன் பெயர்களில் வஞ்சிரமும் வவ்வாலும் பரவாயில்லை. கிழங்கானில் வரும் ழகரத்துக்கு எந்த எழுத்தைப் போட்டேன் என்று அடுத்த நாள் எனக்கே தெரியாது, தேடினால் கிடைக்காது.

திருப்பாதிரிப்புலியூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒரு பையன்தான் வழி காட்டினான். ஆப்பரா மினி உலாவியை இறக்கி, முகவரிப் பெட்டியில் கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்துத் திறந்தால் அமைப்புகளின் பட்டியல் ஒன்று வரும். அதில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்ற கேள்விக்கு ஆம் என்று மாற்ற வேண்டும். அதன் பிறகு பக்கத்திலுள்ள தமிழை எங்கோ இருக்கும் சர்வர் படமாக வரைந்து அனுப்பும். கைபேசிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், பக்கம் மெதுவாக வரும். ஆனாலும் படகை எதிர்பார்த்துக் காத்திருக்கும் இருட்டில் செய்தித்தாளைக் கைக்குள் வைத்துத் தமிழில் படித்த முதல் நாளை நான் மறக்கவில்லை. அப்போது இணையத்துக்குத் தனித் திட்டம் போடாவிட்டால் 10 கேபிக்கு 10 பைசா. அதை அறியாமல் முதல் வாரத்தில் 140 ரூபாயை வாசித்தே தீர்த்தேன். ஆனால் இந்த வித்தை உலாவிக்குள் மட்டும்தான். செய்திகளுக்குக் கடைசிவரை கட்டங்கள்தான்.

2011 டிசம்பர் 30. தானே புயல் அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தைய இரவே கைபேசியை முழுதாகச் சார்ஜ் செய்து பாலிதீன் பைக்குள் போட்டு வைத்திருந்தேன். விடியும்போது எங்கள் வீட்டு ஓடு பாதி இல்லை. மின்சாரம் இல்லை, கொஞ்ச நேரத்தில் டவரும் இல்லை. வேலை செய்தது எஃப்எம் ரேடியோ மட்டும். அதற்கு இயர்போன் செருக வேண்டும், அதன் ஒயர்தான் ஆன்டெனா. ஒரு காதில் நான், மறு காதில் பக்கத்து வீட்டுப் பெரியவர். புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தியை அப்படித்தான் கேட்டோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனது இரண்டு நாள் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளில் கைபேசி உயிரோடிருந்ததற்குக் காரணம் அதன் பின்மூடி. நகத்தால் நெம்பினால் திறக்கும், பேட்டரியைக் கையால் எடுக்கலாம். ஏற்கெனவே ஓர் உபரி பேட்டரி வாங்கி வைத்திருந்தேன். தப்பிய படகுகளில் இன்ஜினை ஓட்டி, அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, லாரி டிரைவர்கள் வைத்திருக்கும் சார்ஜரை மாட்டி, வரிசையாகப் பத்துப் பதினைந்து கைபேசிகள் கிடந்தன. கைபேசியையே விட்டுவிட்டுப் போகப் பலர் பயந்தார்கள். நான் பேட்டரியை மட்டும் கழற்றி, கிளிப் மாட்டும் சார்ஜரில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அது ஒத்திகை என்று 2012இல் புரிந்தது. தமிழ்நாட்டில் அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே பகலில் மின்சாரம் வந்தால்தான் ஆச்சரியம். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் நிலைமை கொஞ்சம் தேவலாம். அரியாங்குப்பத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு நாங்கள் அந்த வருடம் அடிக்கடி போனோம். அவர் பாசம் என்று நினைத்துக்கொண்டார். போனதும் நான் முதலில் தேடியது பிளக் பாயின்ட்டை.

வயதானதும் என்னென்ன ஆயிற்று? ஒரே இடத்தில் கால்குலேட்டரின் எண்களை அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் வெளிறிப் போயிற்று. மூன்றாம் வருடம் தொடும் இடம் ஒன்று, விழும் இடம் ஒன்று என்று விலகியது. 5ஐ அழுத்தினால் 2 விழும். அமைப்புகளுக்குள் போய், நான்கு மூலையில் காட்டும் குறிகளைச் சரியாக அழுத்தினால் மறுபடி நேராகும். மாதம் ஒருமுறை, அமாவாசை மாதிரி, அதையும் செய்தேன். உப்புக் காற்றில் சார்ஜர் துளை பச்சை பூத்தது. மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைப்பேன். இது சரியான முறை என்று யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உள்நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வாரத்துக்கு இரண்டு முறை வரும், செய்திகளை அழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2014 தொடக்கத்தில் அதை விட்டேன். கெட்டுப்போனதால் அல்ல. கேரளாவிலிருந்து வாங்குகிறவர்கள் மீனைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அந்தக் கேமராவில் வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும் ஒன்று போல இருந்தன. புதிதாக வாங்கியது கண்ணாடித் திரை. படம் அருமை, தமிழ் அருமை, மச்சினியின் செய்திகள் எழுத்தாக வருகின்றன. ஏலத்தில் கையை நீட்டி எண்ணைத் தொட்டால் அது அசையாமல் இருக்கிறது, அல்லது தண்ணீர்த் துளி பட்டு எங்கோ போய்விடுகிறது. ஆகவே வலது தோளில் எப்போதும் ஒரு காய்ந்த துண்டு. அதை நனைக்காமல் காப்பாற்றுவதே தனி வேலை.

போன மாதம் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பழைய சார்ஜர்களைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் அந்தப் பழைய கைபேசியின் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டேன். 'அதெல்லாம் யார் சார் இப்போது வைத்திருக்கிறார்கள்?' என்று சொல்லிக்கொண்டே அடியிலிருந்து இரண்டு எடுத்தார். ஒன்று நூற்றைம்பது. இரண்டையும் இருநூற்று அறுபதுக்கு வாங்கி வந்தேன். போட்டவுடன் எழுந்தது, தேதிதான் தெரியவில்லை. குறிப்புகளைத் திறந்தால் சிங்காரத்தோப்பு அண்ணன் ஒருவர் பெயரில், ஆங்கில எழுத்தில், சங்கரா இரண்டு பெட்டி, பாக்கி 340 என்று இருந்தது. அவரைத் தினமும் பார்க்கிறேன். கேட்கலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.