டிராவலர் கேரவனில் மலை இறங்குவது: பெங்களூரிலிருந்து சில வருட அனுபவம்

ஃபோர்ஸ் டிராவலர் வேன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கட்டில், அடுப்பு, சிங்க், கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி எங்களுடையது. ராமமூர்த்தி நகரில் எங்கள் சந்துக்குள் அது நுழையாது என்பதால், ஓசூர் ரோடு பக்கம் ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு நிற்கிறது. பார்க்கிறவர்கள் மைலேஜ் என்ன, ஏசி ராத்திரி முழுக்க ஓடுமா, மெத்தை எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். இறக்கத்தில் வண்டி எப்படி என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பெங்களூரே 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஊர், இங்கிருந்து கடற்கரைப் பக்கமோ தமிழ்நாட்டுப் பக்கமோ கிளம்பினால் பெரும்பாலும் ஒரு காட், அதாவது மலைச்சாலை, இறங்க வேண்டியிருக்கும்: கோவைக்கு திம்பம், மங்களூருக்கு சிராடி, உடுப்பிக்கு ஆகும்பே, சேலத்துக்கு தொப்பூர்.

சுற்றுலாவுக்கு ஓடுகிற டிராவலரும் இதுவும் ஒரே வண்டிதானே என்பார்கள். சேசிஸ் ஒன்றுதான், ஆனால் அதில் ஆள் இறங்கினால் வண்டி லேசாகிவிடும், இதில் பலகை, பேட்டரி, சிலிண்டர், தண்ணீர் எல்லாம் எப்போதும் கூடவே வரும், காலியாக ஓடும் நாளே கிடையாது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் தண்ணீர்த் தொட்டி மேல். கட்டிக்கொடுத்தவர்கள் அதைக் கொண்டுபோய் பின் சக்கர அச்சுக்கும் பின்னால் வைத்துவிட்டார்கள். பாதி நிரம்பி இருந்தால் வளைவில் வண்டி திரும்பி முடித்த பிறகு தண்ணீர் தனியாக ஒருமுறை திரும்பும், பின்பக்கம் தாமதமாக ஒரு தள்ளு விழும். அதனால் மலை உச்சியிலேயே நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே போய்ப் பிடித்துக்கொள்கிறோம். சிலிண்டர் வால்வை மூடுவது, ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கொக்கி மாட்டுவதெல்லாம் அப்போதே முடிந்துவிடும்.

சரி, பிரேக். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். நாலு டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வெளியாகிற சக்தி, கணக்குப் போட்டுப் பார்த்தால், 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கச் சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன இரும்பு வட்டுதான் வாங்கும். அந்த வட்டை அழுத்திப் பிடிக்கிற பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும். சூடு பிரேக் ஆயில் வரைக்கும் போனால் ஆயில் கொதித்து ஆவி கட்டிக்கொள்ளும், பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும். ஈரத்தைக் குடித்த பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். ஈரம் காற்றிலிருந்தே வருகிறது, வண்டி சும்மா நின்றாலும் குடிக்கும். நான் பேடைவிட ஆயிலில்தான் கறாராக இருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் மூடி திறக்காத டப்பா வாங்கி மாற்றிவிடுவேன்.

திம்பத்துக்கு மேலே ஹாசனூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி டிரைவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏறுன கியர்லயே இறங்கணும், தெரியுமில்ல?" என்றார். பழைய வாக்கு, பாதி வண்டிகளுக்கு இன்றும் சரி. ஆனால் இப்போதைய டர்போ இன்ஜின் இழுக்கிற இழுப்புக்கு மூன்றாவது கியரிலேயே பல இடங்களில் ஏறிவிடும், அதே மூன்றாவதில் இறங்கினால் வண்டி பிடிபடாமல் ஓடும், கால் பிரேக்கிலேயே கிடக்கும். நான் ஏறிய கியருக்கு ஒன்று கீழே வைத்துக்கொள்வேன், பெரும்பாலும் செகண்ட். கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் கூடப் போடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்ஜின் கத்துகிறதே என்று வீட்டில் பயப்படுவார்கள். டாக்கோமீட்டர் முள் சிவப்புக்குள் போகாத வரை கத்தட்டும், அதன் வேலையே அதுதான். முக்கியம், கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட வேண்டும். வேகம் எடுத்த பிறகு செகண்டுக்குத் தள்ளப் பார்த்தால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் நின்றுவிடும், அதைவிட மோசமான இடம் மலையில் கிடையாது.

நியூட்ரல் என்றதும் தொப்பூர்தான் ஞாபகம் வருகிறது. தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும்போது கொண்டை ஊசியே இல்லை, அகலமான நாலு வழிச்சாலை, அதனால்தான் ஆபத்து. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் அங்கே எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போதைய காமன் ரயில் இன்ஜினில் (கணினி அளந்து டீசல் விடுகிற வகை) கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செலவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை. சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைக்கிற மகான்களும் உண்டு, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதிப்பதை லேசாக்குகிற பூஸ்டரும் போய் பெடல் கல்லாகிவிடும்.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வருவது பாதுகாப்பு மாதிரி தோன்றும், ஆனால் பேட் ஆறவே நேரம் கிடைக்காது. வேகம் 30-ஐத் தொட்டால் அழுத்தி 20-க்குக் கொண்டுவந்து முழுக்க விட்டுவிடுவேன், மறுபடி 30 வரும் வரை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். கருகிய வாடை வந்தால் சமமான இடம் பார்த்து ஒதுங்கி, கியரில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிப் போகவோ விரிசல் விடவோ செய்யலாம்.

வாங்கியதிலேயே உபயோகமான பொருள் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த, தொடாமலே சூட்டைக் காட்டுகிற ஒரு வெப்பமானி துப்பாக்கி. திம்பத்தின் 27 வளைவுகளும் முடிந்து பண்ணாரி வந்ததும் கோயில் பக்கம் நிறுத்தி நாலு சக்கரத்திலும் பிடிப்பேன். பளபளப்பான இரும்பில் அது குறைத்துத்தான் காட்டும், அதனால் எண்ணை நம்பாதீர்கள், இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒருமுறை முன் இடது சக்கரம் மட்டும் வலதைவிட இரண்டு மடங்கு காட்டியது. ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, சத்தம் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. பெங்களூர் திரும்பிக் கழற்றினால் பேடை அழுத்துகிற காலிப்பர் நகர உதவும் ஊசி (பின்) துருப்பிடித்து இறுகி, உள்பக்க பேட் கிட்டத்தட்ட இரும்பு வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் பாதி மிச்சம். அதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப் சர்வீஸ் செய்து, பிரேக் எல்லாம் செக் பண்ணியாச்சு சார் என்று பில் போட்டிருந்தார்கள். சக்கரத்தையே கழற்றியிருக்க மாட்டார்கள் போல.

மற்றபடி சாலை ஒழுங்கு பெரிய விஷயமில்லை: ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான். திம்பத்தில் லாரி ஏறி வந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள், அதற்கு முழு ரோடும் வேண்டும். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடித்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள், பதற்றத்தில் கியர் மாற்ற வேண்டாம். புலிகள் காப்பகம் என்பதால் இரவு 9 முதல் காலை 6 வரை அந்த வழி மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்புகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுக்கிறவர்கள் பெங்களூரில் இப்போது அதிகம். சாவி வாங்கும்போது டிவி ரிமோட், ஷவர் எல்லாம் காட்டுவார்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தேதியோடு பதில் வராவிட்டால் அந்த வண்டியில் கோலாரோ மைசூரோ போய்வரலாம், ஊட்டிக்கு வேறு வண்டி பாருங்கள்.