கிட்னி மாத்தினவங்களுக்கு வர்ற மரு: பெயிண்ட்டா, நைட்ரஜனா, ஊசியா?

தம்பிக்கு கிட்னி மாத்தி மூணு வருஷம் ஆச்சு, இப்ப விரல்லயும் உள்ளங்கால்லயும் மரு, ஒண்ணு போனா மூணு கிளம்புது. "தானா உதிர்ந்துடும்"னு தான் எல்லாரும் சொல்றாங்க. நல்லா இருக்கற பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் ரெண்டு வருஷத்துல போயிடும், ஆனா மாத்தின கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, மருவை உண்டாக்கற எச்.பி.வி வைரஸை விரட்ட வேண்டிய எதிர்ப்பு செல்லையே மாத்திரை அமுக்கி வச்சிருக்கு, அப்புறம் எப்படி தானா போகும்?

சாலிசிலிக் ஆசிட் பெயிண்ட் 17 சதவீத அளவுல மெடிக்கல்லயே சல்லிசா கிடைக்கும். ராத்திரி வெந்நீர்ல ஊற வச்சு, செத்த தோலை லேசா ராவிட்டு மரு மேல மட்டும் தடவணும், மூணு மாசமாவது விடாம. சலிப்புதான், ஆனா ஆரம்பிக்க இதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். டாக்ரோலிமஸால சுகர் வந்து கால் மரத்துப் போனவங்க மட்டும் இதை வீட்டுல தானா செய்யவே கூடாது.

லிக்விட் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா வைப்பாங்க. வலிக்கும், கொப்புளம் வரும், நம்ம மாநிறத் தோல்ல வெள்ளைத் திட்டு விழலாம். கண்ணுக்குத் தெரியற மரு போகும், சுத்தி இருக்கற தோல்ல வைரஸ் இருந்தா திரும்ப வரும். அதனால தனியா இதை மட்டும் நம்பாம பெயிண்ட்டோட சேர்த்து செய்யறதே மேல்.

அடுத்தது எம்.எம்.ஆர் ஊசி, அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கு போடற தடுப்பூசி, ஒரு மருவுல போட்டா உடம்பு முழிச்சுக்கிட்டு மத்த மருவையும் சேர்த்து அடிக்கும்னு சொல்லி போடறாங்க. பக்கத்து வீட்டு பையனுக்கு அது சரியா இருக்கலாம், ஆனா அதுல இருக்கறது உயிரோட இருக்கற வைரஸ், பலவீனப்படுத்தினதுதான்னாலும் கிட்னி மாத்தினவங்களுக்கு ஆகாது. தோல் டாக்டர்கிட்ட போனதும் முதல் வார்த்தையா ட்ரான்ஸ்பிளான்ட் ஆனதை சொல்லிடுங்க. எருக்கம்பால், சுண்ணாம்பு வச்சு பொசுக்கறதும் வேண்டவே வேண்டாம், புண்ணு சீழ் பிடிச்சா இவங்க தாங்க மாட்டாங்க.

எதுக்கும் அசையலன்னா சில பேருக்கு கிட்னி மாத்திரையையே சிரோலிமஸ்ங்கற வேற எதிர்ப்பு அமுக்கற மாத்திரைக்கு மாத்தி பாக்கறாங்க. வேரையே தொடற வழி இது, ஆனா வாய்ப்புண், கொலஸ்ட்ரால், காயம் ஆற லேட் ஆகறதுன்னு அதுக்கும் தொல்லை உண்டு. மாத்தறது கிட்னி டாக்டர் முடிவு மட்டும்தான், மருவுக்காக நாமளா டோஸ் குறைச்சா கிட்னியே போயிடலாம்.

தம்பி விரல்ல ஒண்ணு வேகமா வளர்ந்து ரத்தம் கசியுது. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஸ்கின் கேன்சர் மரு மாதிரியே வரலாம்ங்கறதால, அதுல பெயிண்ட் தடவறதை நிறுத்திட்டு பயாப்சிக்கு (துளி சதை எடுத்து பண்ற டெஸ்ட்) எழுதி வாங்கியிருக்கோம்.