கலர் சோர்ட்டர் கமராவுக்கு நினைவகம்: கேமலொக்கா, விமலொக்கா, டிஎம்ஏ பஃபரா?

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி மில்லில் கலர் சோர்ட்டர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அரிசி விழும், கமரா பார்க்கும், கறுத்த மணியைக் காற்று ஊதித் தள்ளும். அந்தக் கமராவுக்கு ஒரு சின்ன ஏஆர்எம் போர்டில் லினக்ஸ் டிரைவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸின் மையமான கேர்னலிடம் நினைவகத்தை எப்படிக் கேட்பது? அதற்கான செயற்கூறுகள்தான் கேமலொக் (kmalloc), விமலொக் (vmalloc), டிஎம்ஏ அலொக் கொஹிரன்ட் (dma_alloc_coherent).

எவ்வளவு வேண்டும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முதல், அந்த இடத்தில் கை வைக்கப்போவது சிபியு மட்டுமா, கமராவின் டிஎம்ஏயும் (சிபியு தலையிடாமல் சாதனமே நினைவகத்தில் எழுதும் வழி) சேர்ந்தா என்று பார்க்கவேண்டும்.

விமலொக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். எத்தனை எம்பி கேட்டாலும் பெரும்பாலும் தந்துவிடும். ஆனால் அங்குமிங்குமாகக் கிடக்கும் பக்கங்களை (நினைவகத் துண்டுகளை) தொடராகக் காட்டுவது சிபியுவுக்கு மட்டும்தான். ஐஓஎம்எம்யு (சாதனங்களுக்கு முகவரிகளை மாற்றிக்கொடுக்கும் வன்பொருள்) இல்லாத போர்டில், முதற் பக்கத்தின் பௌதிக முகவரியைக் கமராவிடம் கொடுத்தால், 4096 பைட் தாண்டியதும் வேறு யாருடையதோ பக்கத்தில் அரிசிப் படத்தை எழுதிக்கொண்டு போகும். முதலில் கேமலொக்கை முயலும் கேவிமலொக்கும் இடம் நெருக்கினால் விமலொக்கிடம்தான் போகும். சிபியு மட்டும் பார்க்கும் பெரிய அட்டவணைகளுக்கு இவை சரி.

கேமலொக் தருவது பௌதிகத்திலேயே தொடர் இடம். 2048 பிக்சல், பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு வரி 6144 பைட். அதைக் கேட்டால் 8192 ஒதுக்கும், கால்வாசி வீண். 1024 வரிப் படம் 6 எம்பி. 4 கேபி பக்கம் உள்ள வழமையான அமைப்பில் கேமலொக்கின் உச்சம் 4 எம்பிதான். அதற்குள் அடங்கினாலும், காலையில் கிடைத்த தொடர் இடம் நினைவகம் துண்டுதுண்டான பிறகு மாலையில் கிடைக்குமென்று சொல்லமுடியாது.

அப்போ டிஎம்ஏ அலொக் கொஹிரன்ட்? சிஎம்ஏயில் (பெரிய தொடர் இடங்களுக்கான பகுதி) இடம் ஒதுக்கி வைத்திருந்தால் 6 எம்பியும் வரும். ஆனால் கேஷ் (சிபியுவின் வேக நினைவகம்) ஒத்திசைவை வன்பொருளே பார்க்காத ஏஆர்எம் போர்டுகளில் அந்த இடம் கேஷ் இல்லாமல் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலையும் சிபியு வாசித்து முடிவெடுக்கும் வேலைக்கு அது சரியான இழுவை. கட்டளை வரிசைகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

யோசித்தால், விழுந்துகொண்டிருக்கும் அரிசியை ஊத 1024 வரி சேரும்வரை யார் காத்திருப்பது? 5 வரி 30 கேபி. 32 கேபிக்குள் அளவாக உட்காரும். அந்தளவு இடத்தை ஜிஎஃப்பி கேர்னலுடன் (தேவைப்பட்டால் காத்திருக்கலாம் என்ற குறி) கேட்டால் கேமலொக் லேசில் கைவிரிக்காது. டிரைவர் தொடங்கும்போதே அப்படி எட்டுத் துண்டு எடுத்து வளையமாக்கி, டிஎம்ஏ மேப் சிங்கிளால் கமராவுடன் இணைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சிங்க் செய்வதுதான் (கேஷையும் நினைவகத்தையும் ஒத்துப்போகச் செய்வது) என் தெரிவு. இன்டரப்டுக்குள் (சாதனம் அழைத்ததும் ஓடும் நிரலுக்குள்) ஜிஎஃப்பி அட்டோமிக் (காத்திருக்காமல் கேட்கும் குறி) போட்டுக் கெஞ்சும் தேவையும் இல்லாமல் போகும்.

இன்னொன்று: விடுவிக்கும் வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் டெவ்எம் கேஇசட்அலொக்கில் போடாதீர்கள். சாதனம் கழன்றவுடன் அது விடுவிக்கப்படும். ஆனால் மென்பொருள் சாதனக் கோப்பைத் திறந்தபடியே வைத்திருக்கலாம். கோப்பு மூடும்வரை வாழவேண்டிய ஸ்ட்ரக்டை (தரவுத் தொகுப்பை) சாதாரண கேஇசட்அலொக்கில் (பூச்சியம் நிரப்பித் தரும் கேமலொக்) எடுத்து, கேரெஃப் (இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற) எண்ணிக்கை பூச்சியமானதும் கேஃப்ரீ செய்யுங்கள்.